குளம் வற்றும் மாதங்கள்: வன்னியில் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுப்பது

கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கும் ஒரு இளைஞரின் கேள்வி இது: "மாசியிலிருந்து சித்திரை வரை வன்னியில் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படமெடுக்க ஆசை. என்னிடம் பழைய கமரா ஒன்றும் 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன. இதுவரை எடுத்தவை எல்லாம் தூரத்துப் புள்ளிகளாகவே வந்திருக்கின்றன. பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா? எங்கே போக வேண்டும்? காட்டுக்குள் இறங்கிக் கரடியையும் சிறுத்தையையும் தேடலாமா?"

தம்பி, லென்ஸுக்காகக் கடன்படாதீர்கள். ஒரு குளத்தைப் பிடியுங்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய குளமாக இருக்கட்டும். மாசி தொடங்கிச் சித்திரை முடியும்வரை அதே குளத்தின் அதே அலைகரையில் (கட்டுக்கு எதிரே நீர் ஏறி இறங்கும் கரையில்), கிழமைக்கு இரண்டு மூன்று விடியல்கள் உட்காருங்கள். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் என் பதில் இதுதான். ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

நூல்களின் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி; சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். வன்னியில் கமராவோடு அலைபவனுக்குக் காலத்தைக் காட்டுவது மாதப் பெயரல்ல, நீர்மட்டம். மாரியில் நிறைந்து வான் பாய்ந்த (மேலதிக நீர் வழிந்தோடிய) குளம் தை கழிந்ததும் இறங்கத் தொடங்கும். எங்கள் குளங்கள் பெரும்பாலும் தட்டுப் போன்றவை. கட்டுப் பக்கம் ஆழம், அலைகரைப் பக்கம் மெல்லிய சரிவு. ஆகவே நீர் ஒரு முழம் தாழ்ந்தால் அலைகரையில் நெடுந்தூரத்துக்குச் சேறு வெளிப்படும். அந்தச் சேற்றில் புழுவும் நத்தையும், குழிகளில் அகப்பட்ட சிறுமீன்களும் இருக்கும். சில கிழமைகளில் சேறு காய்ந்து பசும்புல் முளைக்கும். அதற்குள் காட்டினுள் இருக்கும் மோட்டைகளும் மடுக்களுமாகிய சிறு நீர்நிலைகள் வற்றிவிடும். முதலில் சேற்றுக்குப் பறவைகள், பிறகு புல்லுக்கும் தண்ணீருக்கும் விலங்குகள் என்று இறங்கும் நீரின் பின்னாலேயே எல்லாம் வந்துகொண்டிருக்கும். நீங்கள் ஒன்றையும் துரத்த வேண்டியதில்லை.

மாசியில் போனால் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் இன்னும் இருப்பார்கள். ஊசிவால் வாத்து, கிளுவை, கருவால் மூக்கன், பலவகை உள்ளான்கள் எல்லாம் பயணத்துக்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள ஓயாமல் மேயும் காலம் அது. கருவால் மூக்கன் சிலவற்றின் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். இனப்பெருக்கத்துக்குப் போகுமிடத்து உடையை இங்கேயே உடுத்திக்கொள்கின்றன. பங்குனி முடிவதற்குள் கூட்டங்கள் மெலியும், சித்திரை நடுவில் பெரும்பாலானவை போய்விட்டிருக்கும். இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். யானை ஆனியிலும் நிற்கும், ஊசிவால் வாத்து நிற்காது.

பங்குனியில் மேடை ஊர்ப்பறவைகளுடையது. உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் பொன்செம்மை ஏறும். வரம்பில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானுக்கு முதுகில் கருஞ்சிவப்புப் போர்வை வரும். தாமரை இலையில் நடக்கும் தாமரைக்கோழிக்கு வளைந்த நீண்ட வால் முளைக்கும். பஞ்சுருட்டான் மணற்பாங்கான வாய்க்கால் கரையில் வளை தோண்டும். சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) உழவு தொடங்கும் வயல்களில் உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் கூட்டமாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரண்ட மண், பொன்னிறத் தலைகள், காலைச் சரிவொளி. இந்தப் படத்துக்குக் காடு தேவையில்லை. வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவருடைய காவற்கொட்டிலில் உட்காரவும் அனுமதி கேளுங்கள். பறவைகளுக்கு அந்தக் கொட்டில் பழகிய பொருள், அதற்குள் இருக்கும் ஆளை அவை பொருட்படுத்துவதில்லை. கடையில் விற்கும் மறைப்புக் கூடாரம் எதுவும் இதற்கு ஈடாகாது.

இனி லென்ஸ். உங்கள் கமரா சிறிய உணரி (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட வகை என்று எடுத்துக்கொள்கிறேன். 300 மி.மீ.யில் 15 மீற்றர் தூரத்தில் உங்கள் சட்டத்துக்குள் அடங்குவது ஏறத்தாழ 1.2 மீற்றர் அகலம். மஞ்சள்மூக்கு நாரை ஒன்றை நிமிர்த்திப் பிடித்த கமராவில் அழகாக அடக்க இது போதும். மீன்கொத்திக்கு 6 மீற்றர் வேண்டும். அப்போது சட்டம் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. யானைக்கு 100 மீற்றரில் ஏறத்தாழ 8 மீற்றர் அகலம் கிடைக்கும், யானையும் அது நிற்கும் புல்வெளியும் சேர்ந்து வரும். ஆகக் குறை உங்கள் லென்ஸில் இல்லை. 15 மீற்றரில் நாரை உங்களைச் சகித்துக்கொள்ள வேண்டும், அந்தச் சகிப்பைக் கடையில் வாங்க முடியாது. 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்களும் 100 மீற்றருக்கு அப்பாலுள்ள பறவையை வெயில் ஏறிய பின் எடுத்துவிட்டு, படம் கூர்மையில்லை என்று வருந்துகிறார்கள். சூடேறிய சேற்றுக்கு மேல் கானல் அலையும்போது எந்தக் கண்ணாடியாலும் அதை ஊடுருவ முடியாது. காலை 9 மணிக்குப் பின் தூரத்துப் படங்களை விட்டுவிடுங்கள்.

சகிப்பை எப்படிச் சம்பாதிப்பது? விடியுமுன் போய்விட வேண்டும். மாசி நடுவில் சூரியன் 6.25 அளவில் உதிக்கும், சித்திரைப் பிறப்புக்கு 6 மணியளவில். அதற்கு அரை மணித்தியாலம் முந்தி, இருட்டு கலையும்போதே உங்கள் இடத்தில் இருங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததைப் பறவை பார்க்கக் கூடாது. அது வரும்போது நீங்கள் ஏற்கெனவே அங்கிருக்கும் ஒரு பற்றையாக இருக்க வேண்டும். மங்கிய பச்சை அல்லது மண்ணிறச் சட்டை போதும். ஒரு சாக்குத் துண்டில் நிலத்தோடு உட்காருங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கும்போதுதான் பின்னணி தூரப் போய்க் கரைந்து, உள்ளான்கூடப் பெரிய உயிராகத் தெரியும். கட்டின் மேல் நின்று கீழ்நோக்கி எடுத்தால் கிடைப்பது சேற்றுப் படம்தான், அதற்குள் ஒரு பறவையும் இருக்கும். முக்காலி வேண்டாம். பழைய காற்சட்டைக் காலொன்றை வெட்டித் தைத்து உமி நிரப்பி லென்ஸின் கீழ் வையுங்கள். பாரமும் இல்லை, செலவும் இல்லை, லென்ஸும் அசையாது.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அதாவது காலையில் குளத்தின் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. இரணைமடுவின் கட்டு குளத்தின் வடக்கில் இருக்கிறது. அதில் நின்று தெற்கே பார்த்தால் காலை ஒளி இடப்பக்கமும் மாலை ஒளி வலப்பக்கமும் விழும். சிறகின் அடுக்குகளைக் காட்ட அந்தப் பக்க ஒளி மிக நல்லது. நண்பகல் ஒளிக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கிறது, உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே விழும். அந்த ஒளியில் பறவையின் கண் கறுத்த குழியாகிவிடும். காலை மூன்று மணித்தியாலம், மாலை இரண்டு மணித்தியாலம். இடையில் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

கமராவின் அமைப்பில் அதிகம் சொல்ல இல்லை. நிற்கும் பறவைக்கு 1/500 செக்கன், நடக்கும் மேயும் பறவைக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. ஒளி புகும் துளையை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறனைத் தானியங்கியில் விடுங்கள். பதிவை மூல வடிவில் (RAW) வையுங்கள். ஒன்றை மட்டும் பழகுங்கள்: வெள்ளைக் கொக்கு கறுத்த சேற்றில் நிற்கும்போது கமரா சேற்றை நம்பி ஒளியைக் கூட்டிவிடும், கொக்கின் இறகு சுண்ணாம்பு பூசிய சுவராகிவிடும். பிளஸ்–மைனஸ் பொத்தானில் மைனஸ் ஒன்று வரை இறக்குங்கள். வெளிறிய வானத்தின் முன் பறக்கும் நீர்க்காகத்துக்கு நேர்மாறாகப் பிளஸ் ஒன்று. எங்கள் செம்மண் புழுதி கமராவுக்குள் போனால் லேசில் வெளியே வராது, குளக்கரையில் லென்ஸைக் கழற்ற வேண்டாம்.

இப்போது நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில், வற்றிய அலைகரையில் ஆட்காட்டிக் குருவியொன்று அடைகாப்பதைக் கண்டேன். நாலு முட்டைகள், மண்கட்டியின் நிறம், கூடென்று சொல்ல ஒன்றுமில்லை, நிலத்தில் ஒரு சிறு குழி. தாய்ப்பறவை நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளில் அமர்வதைப் படமெடுக்க ஆசைப்பட்டுக் கிட்டப் போய் உட்கார்ந்தேன். ஆட்காட்டி அப்படிச் செய்வது முட்டைகளைச் சூட்டிலிருந்து குளிர்விக்கத்தான். நான் இருந்த நேரமெல்லாம் அது தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது, இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போன பின்னர் என் காலடித் தடத்தைப் பார்த்துக் காகங்கள் இறங்கின. அடுத்த நாள் அங்கே ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன. அந்தப் படங்களை நான் வைத்திருக்கவில்லை.

ஆகவே கூட்டைப் படமெடுக்காதீர்கள். பறவை கத்திக்கொண்டு உங்களைச் சுற்றினாலோ, வாயில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் கொப்பில் காத்திருந்தாலோ, நீங்கள் இருக்கும் இடம் தவறு, உடனே விலகுங்கள். மறைக்கும் கொப்பை வெட்டாதீர்கள், அது வெயிலையும் காகத்தையும் தடுக்கும் கூரை. கைத்தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம். எல்லைக்காகச் சண்டையிட ஒன்று வந்துவிட்டது என்று நினைத்து அது தன் வேலையை விட்டுவிட்டு வரும்.

காட்டுக்குள் இறங்கலாமா என்று கேட்டீர்கள். வன்னியில் இந்தக் கேள்விக்கு வேறு எந்த ஊரிலும் இல்லாத பாரம் இருக்கிறது. மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தும் இன்னும் முடியாத இடங்கள் உண்டு. மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கப்பால் ஓர் அடி வைக்காதீர்கள். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். ஊர்ச்சனம் மாடு சாய்க்கும் பாதை, விறகுக்குப் போகும் பாதை எது என்று கேட்டு அதில் மட்டும் நடங்கள். பறவை பற்றைக்குள் போனால் போகட்டும். இதோடு வேட்டைக்காரர் வைக்கும் கட்டுத்துவக்கும் (கயிற்றில் இடறினால் தானே வெடிக்கும் துவக்கு) கம்பிச் சுருக்கும் ஆளையும் விலங்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. யானை வேலியில் மின்சாரம் ஓடும். படைமுகாம்கள், காவலரண்கள் பக்கம் பெரிய லென்ஸைத் திருப்ப வேண்டாம். சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் உண்டு, போகுமுன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டில் இறங்குமுன் ஒரு குழையை முறித்து ஐயனார் பெயரால் மரத்தில் வைத்துவிட்டுப் போவது எங்கள் பெரியவர்கள் வழக்கம். அதில் எனக்குப் பிடித்தது, ஒரு கணம் நின்று காதுகொடுத்த பின்பே உள்ளே போவார்கள் என்பது.

இத்தனையும் சேர்ந்துதான் என்னை உட்கார்ந்திருக்கச் சொல்லிக் கற்றுத் தந்தன. விலங்குகளுக்கும் அதுவே நல்லது. மாசியில் காட்டினுள் எங்கும் தண்ணீர் இருப்பதால் மானும் மரையும் சிதறி நிற்கும், உங்கள் கண்ணில் படுவது குறைவு. பங்குனிக் கடைசியிலிருந்து மாலை 4.30க்குப் பின் அலைகரைப் புல்லுக்கு வரத் தொடங்கும். புள்ளிமான் முதலில் வரும். மரை இருட்டும் நேரத்தில்தான் காட்டோரத்தை விட்டு வெளியே தலைகாட்டும். நரியை விடியலில் அரிவு வெட்டிய வயல்களில் தேடுங்கள், எலி பிடிக்க வரம்போரமாக வரும். ஒரே வரம்பில் மறுநாளும் வரும். கீரியும் அப்படித்தான். காற்றின் திசையை ஒரு பிடி புழுதியைத் தூவிப் பாருங்கள். காற்று உங்களிடமிருந்து விலங்குக்குப் போனால் அன்று படமில்லை.

யானைக்குத் தனியாகச் சொல்கிறேன். சித்திரையில் புல்லுக்கு வரும் குடும்பத்தை எதிர்க்கட்டில் நின்று எடுங்கள், இடையில் தண்ணீர் இருக்கட்டும். கன்று இருந்தால் இன்னும் தூரம். செவியை விரித்துத் தலையை உயர்த்தி உங்களைப் பார்க்கும் யானை படத்துக்கு அழகுதான், ஆனால் அது உங்களைப் போகச் சொல்கிறது. நல்ல யானைப் படத்தில் யானை உங்களை அறியாமல் புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, மண்ணைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டிருக்கும். சூரியன் 6.20 அளவில் மறையும், நீங்கள் 5.45க்கே கிளம்பிவிடுங்கள். குளக்கரையைவிட, திரும்பி வரும் இருட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் யானையின் முன்னால் போய் நிற்பதுதான் ஆபத்து.

கரடியைத் தேடிப் போகவே கூடாது. காட்டில் வேலை செய்தவர்கள் யானையைவிட, சிறுத்தையைவிடக் கரடிக்கே அஞ்சுவார்கள். திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடாமல் பாய்ந்து முகத்தைக் கிழிக்கும். பாலைப்பழக் காலத்தில் அது மரமேறும். அந்தக் காட்சியையும் சிறுத்தையையும் பார்க்க வேண்டுமானால் வில்பத்துவுக்கு அனுமதிச் சீட்டெடுத்து, வழிகாட்டியோடு ஜீப்பில் போங்கள். ஜீப்புக்குப் பழகிய விலங்கை அங்கே எடுப்பதில் தவறில்லை. எங்கள் குளக்கரைகளில் நான் சிறுத்தையின் தடத்தை மட்டுமே எடுத்திருக்கிறேன், பக்கத்தில் தீப்பெட்டி வைத்து. தேவாங்கையோ அழுங்கையோ (எறும்புண்ணியையோ) இரவில் கண்டால் முகத்தில் பளிச்சொளி அடிக்க வேண்டாம், கண்ட இடத்தையும் ஊருக்குச் சொல்ல வேண்டாம். அழுங்கைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் இடக்குறிப்பை அணைத்துவிட்டே எவருக்கும் அனுப்புங்கள்.

உங்கள் குளம் பழகிய பிறகு, ஒரு விடுமுறையில் மன்னாருக்குப் பஸ் ஏறுங்கள். வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மன்னார்த் தாம்போதியின் இருபுறமும் அந்த ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கும். விடியலில் தாம்போதியில் இறங்கி நின்றே எடுக்கலாம், நீருக்குள் நடந்து கலைக்காதீர்கள். தீவுப் பக்கம் கௌதாரி பற்றையோரங்களில் ஓடும். வழியில் கட்டுக்கரைக்குளத்துக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள், வாத்துக் கூட்டங்களுக்கு அதைப் போல இடம் குறைவு.

இன்னொன்று, இது உங்கள் வீட்டு மாமரத்திலேயே கிடைக்கும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மரங்கொத்தியின் முதுகு பொன்மஞ்சள். தெற்கே போனால் செங்குருதி நிறம், இலங்கைக்கே உரிய தனியினம். இரண்டும் சந்தித்துக் கலக்கும் பட்டை எங்கள் பகுதியை ஒட்டிக் கிடப்பதால் இடைப்பட்ட செம்மஞ்சள் முதுகுகளையும் காணலாம். காணும் மரங்கொத்தியின் முதுகையெல்லாம் நல்ல ஒளியில் எடுத்து, திகதியும் ஊரும் எழுதி வையுங்கள். உங்கள் மாணவர்களையும் இதில் சேர்க்கலாம். எந்த ஊரில் எந்த நிறம் என்று ஒரு வகுப்பு இரண்டு இளவேனில் காலம் குறித்தாலே பறவை ஆய்வாளர்களுக்குப் பயன்படும் பதிவாகிவிடும்.

வேலிப் பற்றைகளில் விடியற்காலையும் பொழுதுசாயும் நேரமும் இரட்டை விசிலடிக்கும் ஆறுமணிக்குருவியையும் மறந்துவிடாதீர்கள். அதுவும் சித்திரையோடு வடக்கே போய்விடும். சருகுக்குள் இரை கிளறும் பறவை, ஒளி மிகக் குறைவு, ஐ.எஸ்.ஓ. 3200, உமிப்பையில் ஊன்றி 1/125 செக்கனில் எடுங்கள். பத்தில் ஒன்று கூர்மையாக வரும்.

இன்று மாசி நடுப்பகுதி. நீர் இறங்கத் தொடங்கிச் சில நாள்தான் ஆகிறது, சேறு இன்னும் ஒடுங்கிய பட்டியாகவே இருக்கும். நாளை மாலை கமரா இல்லாமல் போய், ஒரு தடியை நீரோரத்தில் நட்டுவிட்டு வாருங்கள். அடுத்த கிழமை தடிக்கும் நீருக்கும் இடையில் எத்தனை அடி வெளிப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளியில் உள்ளான்களின் காலடித் தடங்கள் இருக்கும். சாக்கை விரிக்க வேண்டியது அந்தத் தடங்களுக்குக் கிழக்கே.